அவசரமாக நிறைவேறும் ஊக்க நிதிச் சட்டங்கள்: இரு கட்சிகளின் வாதங்களையும் சரிபார்த்துப் படிப்பது எப்படி?

பொருளாதாரம் சரியும்போதெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ ஒரே காட்சி அரங்கேறுகிறது. ஆளுங்கட்சி பெருந்தொகைக்கு ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, இந்த வாரமே நிறைவேறாவிட்டால் நாடு தாங்காது என்கிறது. எதிர்க்கட்சியோ, படித்துப் பார்க்கக்கூட நேரம் தராமல் நாட்டைக் கடனில் தள்ளுகிறார்கள் என்கிறது. செய்திகளின் வழியாக நம்மை வந்தடைவது இந்த இரண்டு குரல்களின் எதிரொலிதான். எந்தக் குரலில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைப் பொருளியல் படிக்காத ஒருவரும் பொது ஆவணங்களை வைத்துக்கொண்டே பெருமளவு கண்டறிந்துவிட முடியும். அதற்கான வழிமுறையை, 2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட அமெரிக்க மீட்பு மற்றும் மறுமுதலீட்டுச் சட்டத்தை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். அந்தச் சட்டத்தின் வரைவுகளும் வாக்கெடுப்புப் பதிவுகளும் செலவுக் கணக்குகளும் முழுமையாக வெளியாகிவிட்டன. சண்டையின் சூடும் ஆறிவிட்டது. ஆகவே கை பழகுவதற்கு அது ஏற்றது.

முதலில் சண்டையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இத்தகைய விவாதத்தில் மூன்று தனித்தனி வழக்குகள் ஒன்றாகக் கலந்து ஓடும். அரசு இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா என்பது முதலாவது. அந்தப் பணம் எவற்றுக்குப் போகிறது என்பது இரண்டாவது. மசோதா முறையாகப் பரிசீலிக்கப்பட்டதா என்பது மூன்றாவது. முதல் வழக்கில் தோற்கும் நிலையில் இருப்பவர் மூன்றாவதற்குத் தாவுவார். மூன்றாவதில் பதில் சொல்ல முடியாதவர் முதலாவதற்குத் திரும்பி, வேலையிழந்தவர்களின் துயரத்தைப் பேசுவார். ஒரு பேச்சைக் கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டே வந்தால், பேச்சாளர் எந்தக் கேள்வியைத் தவிர்க்கிறார் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இதில் மூன்றாவது வழக்கையே நான் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். முதல் வழக்கில் பொருளியல் அறிஞர்களே பிரிந்து நிற்கிறார்கள். 2009 சனவரியில் நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஏறத்தாழ 200 பொருளியலாளர்கள் ஊக்கச் செலவை எதிர்த்து நாளிதழ் விளம்பரத்தில் கையெழுத்திட்டார்கள். அதே வேளையில் பால் க்ரூக்மன் போன்றோர் திட்டம் போதாத அளவுக்குச் சிறியது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவசரம் நடந்ததா, நடந்திருந்தால் அதனால் என்ன கெட்டது என்பது ஆவணத்தை வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்வி.

நாட்காட்டியை எழுதுங்கள்

ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுவதே முதல் வேலை. 2009 சட்டத்தின் வரிசை இது: மசோதா பிரதிநிதிகள் சபையில் சனவரி 26 அன்று அறிமுகமாகி, 28 அன்று 244-க்கு 188 என்ற வாக்கில் நிறைவேறியது. செனட் தன் வடிவத்தைப் பிப்ரவரி 10 அன்று 61-க்கு 37 என நிறைவேற்றியது. இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் இணக்கக் குழு உருவாக்கிய இறுதி வாசகம் பிப்ரவரி 12 இரவு வெகுநேரம் கழித்து இணையத்தில் ஏற்றப்பட்டது. மறுநாள் 13 அன்றே பிரதிநிதிகள் சபை 246-க்கு 183 என்றும், செனட் 60-க்கு 38 என்றும் அதை ஏற்றன. பிப்ரவரி 17 அன்று டென்வரில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார்.

இப்போது இந்த நாட்காட்டியை இரு தரப்பு வாதங்களோடும் பொருத்திப் பாருங்கள். "யாருக்குமே எதுவுமே தெரியாது" என்ற குற்றச்சாட்டு மிகை. மசோதாவின் பெரும்பகுதி இரண்டு வாரங்களுக்கு மேல் பொதுவெளியில் கிடந்தது. ஆனால் இறுதி வாசகத்துக்குக் கிடைத்தது ஓர் இரவும் ஒரு முற்பகலும்தான். இத்தனைக்கும் பிப்ரவரி 10 அன்று பிரதிநிதிகள் சபையே, இறுதி வாசகத்தைக் குறைந்தது 48 மணி நேரம் பார்வைக்கு வைக்கவேண்டும் என்ற அறிவுறுத்தலை 403-க்கு 0 என ஏற்றிருந்தது. அது கட்டுப்படுத்தும் தன்மை அற்ற அறிவுறுத்தல் என்பதால் மீறியதற்குத் தண்டனை ஏதுமில்லை. அந்தச் சபையில் எதிர்க்கட்சியாக இருந்த குடியரசுக் கட்சியின் தலைவர் ஜான் பெய்னர் அந்தக் காகிதக் கட்டை அவையின் தரையில் தொப்பென்று போட்டு, ஒருவர்கூட இதைப் படிக்கவில்லை என்று முழங்கியதற்கு இந்த மீறலே பின்னணி.

நாட்காட்டி சொல்லும் இன்னொன்றையும் விட்டுவிடக்கூடாது. ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று வாதிட்டு வெள்ளிக்கிழமை இரவு வரை செனட் வாக்கெடுப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். தாயாரின் இறுதிச் சடங்குக்காக ஒஹாயோ சென்றிருந்த ஷெராட் பிரவுன் விமானத்தில் திரும்பிவந்து, மசோதா நிறைவேறத் தேவைப்பட்ட அறுபதாவது வாக்கை அளிக்கும்வரை அவை காத்திருந்தது. ஆனால் கையெழுத்து விழுந்ததோ நான்கு நாட்கள் கழித்து, செவ்வாய்க்கிழமை. இடையில் வந்தது அதிபர்கள் தின விடுமுறை. அந்த நான்கு நாட்களில் பொருளாதாரம் தாங்கியது என்றால், அவற்றில் இரண்டை உறுப்பினர்களின் படிப்புக்குக் கொடுத்திருக்க முடியும் என்பதே என் கருத்து. அந்த வார அவசரத்தில் ஒரு பங்காவது நெருக்கடியின் அவசரமாக இல்லாமல் விடுமுறையின் அவசரமாக இருந்தது.

பக்க எண்ணிக்கையில் மயங்காதீர்கள்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் என்பது எதிர்ப்பாளர்களின் முழக்கமாயிற்று. அமெரிக்க மசோதாக்கள் வரைவு நிலையில் பெரிய எழுத்திலும் அகன்ற ஓரத்தோடும் வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டும் அச்சாகின்றன. இதே சட்டம் அதிகாரபூர்வச் சட்டத் தொகுப்பில் 407 பக்கங்களில் அடங்கிவிட்டது. அதுவும் சிறியதன்று; ஆனால் கட்டின் கனத்தைக் காட்டுவது வாதமாகாது. மேலும், மசோதாவில் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ள சட்டங்களின் பிரிவுகளில் சொற்களை நீக்கவும் சேர்க்கவும் சொல்லும் வரிகள்தாம். பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைக்காமல் அவற்றை வரிவரியாகப் படித்தவருக்கும் பொருள் விளங்காது. "முழுவதையும் படித்தீர்களா?" என்ற கேள்வியைவிட, "கடைசியாக மாறியது எது, மாற்றியது யார்?" என்ற கேள்வியே பயன் தரும்.

கடைசி இரவில் மாறியதைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்குமானால், இதைச் செய்யுங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வத் தளமான காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் உரிய பக்கத்தில் அறிமுகமானது, ஒரு சபையில் நிறைவேறியது, மறு சபை திருத்தியது, இறுதியாக ஏற்கப்பட்டது என வெவ்வேறு நிலைகளின் வாசகங்கள் தனித்தனியே கிடைக்கும். செனட் நிறைவேற்றிய வடிவத்தையும் இறுதி வடிவத்தையும் அருகருகே திறந்து, உங்களுக்கு அக்கறையுள்ள தலைப்பை மட்டும் ஒப்பிடுங்கள். அவசரத்தின் தீங்கு எங்காவது ஒளிந்திருக்குமானால் அது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

2009 சட்டத்தில் அது அப்படியே நடந்தது. மக்கள் வரிப்பணத்தில் மீட்கப்பட்ட நிதி நிறுவனங்களின் உயர் அலுவலர்களுக்குப் போனஸ் வழங்குவதைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தைச் செனட்டர் கிறிஸ் டாட் சேர்த்திருந்தார். பெரிய போனஸ்களுக்கு வரி விதிக்கும் இன்னொரு திருத்தத்தை ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனும் குடியரசுக் கட்சியின் ஒலிம்பியா ஸ்னோவும் இணைந்து சேர்த்திருந்தார்கள். இறுதி வாசகத்தில் இரண்டாவது திருத்தம் காணாமற் போயிற்று. முதலாவதில், 2009 பிப்ரவரி 11 வரை செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களின்படியான போனஸ்களுக்குத் தடை பொருந்தாது என்ற விலக்கு முளைத்திருந்தது. ஒரு மாதம் கழித்து, பல்லாயிரம் கோடி டாலர் அரசு உதவி பெற்றிருந்த ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம் சுமார் 16.5 கோடி டாலரைப் போனஸாக வழங்கியது என்ற செய்தி வெடித்தது. நாடே கொதித்தது, அதிபரும் உறுப்பினர்களும் கொதித்தார்கள். பிறகுதான், அதற்கு வழிவிட்ட வரி தாங்களே நிறைவேற்றிய சட்டத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்தது. டாட் முதலில் தமக்குத் தொடர்பில்லை என்று மறுத்து, பின்னர் நிதித்துறை அதிகாரிகளின் வேண்டுகோளின்படி அந்த மாற்றம் செய்யப்பட்டதை ஒப்புக்கொண்டார்.

படிக்க நேரம் தரவில்லை என்ற புகாருக்குக் கிடைத்த மிக வலுவான சான்று இதுவே. பெய்னர் தரையில் போட்ட காகிதக் கட்டு நினைவில் நின்ற அளவுக்கு இந்த ஒரு வரி நிற்கவில்லை என்பது அரசியல் விவாதத்தின் தரத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்கிறது.

விசித்திரமான செலவினங்களை வாசகத்தில் தேடிப்பாருங்கள்

நகைப்புக்குரிய ஒரு செலவைச் சுட்டிக்காட்டுவது எல்லா எதிர்க்கட்சிகளுக்கும் கைவந்த கலை. 2009-இல், சான் பிரான்சிஸ்கோ பகுதியின் சதுப்புநில எலியைக் காக்க 3 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும், டிஸ்னிலேண்டிலிருந்து லாஸ் வேகாஸுக்கு மிதக்கும் ரயில் விடப்போகிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. மசோதாவின் வாசகத்தில் எலி என்ற சொல்லும் இல்லை, லாஸ் வேகாஸ் என்ற ஊரும் இல்லை. அதிவேக ரயிலுக்கு 800 கோடி டாலர் பொதுவாக ஒதுக்கப்பட்டிருந்தது. எந்த வழித்தடத்துக்கு என்பது குறிப்பிடப்படவில்லை. வாசகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்பவர், அந்தப் பணத்தைப் பெறும் துறை இப்படியும் செலவிடக்கூடும் என்ற தம் ஊகத்தைச் சட்டத்தின் பெயரில் சொல்கிறார் என்று கொள்ளுங்கள்.

வாசகத்தில் உண்மையாகவே இருப்பதும் திரிந்து வரலாம். லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால் பிப்ரவரி 24 அன்று தம் கட்சியின் சார்பில் ஆற்றிய பதிலுரையில், எரிமலைக் கண்காணிப்புக்கு 14 கோடி டாலரா என்று கேலி செய்தார். அந்த 14 கோடி, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பல பணிகளுக்கான மொத்த ஒதுக்கீடு. எரிமலைக் கண்காணிப்பு அவற்றில் ஒன்று மட்டுமே. ஒரு மாதத்துக்குள் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலை வெடித்தது வேறு கதை.

எதிர்த் திசையிலும் எச்சரிக்கை வேண்டும். தலைநகரின் நேஷனல் மால் திடலில் புல்தரையைச் சீரமைக்க 20 கோடி டாலர் என்ற கேலியை ஆதரவாளர்கள் பொய் என்று தள்ளிவிட முடியாது. முதல் வடிவத்தில் அது இருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் நீக்கப்பட்டது. ஆகவே தேடும்போது எந்தத் தேதியிட்ட வடிவத்தில் தேடுகிறோம் என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

தொகையை உடைத்துப் பாருங்கள்

முதலில் ஒரு சிறு எச்சரிக்கை: ஒரு பில்லியன் என்பது நூறு கோடி, ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. தமிழ்ச் செய்திகளில் இந்த மாற்றத்தில் ஒரு சுழியம் கூடுவதும் குறைவதும் அவ்வப்போது நிகழ்வதால், மூலத்தோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

2009 சட்டத்தின் அறிவிக்கப்பட்ட மதிப்பு 78,700 கோடி டாலர். இதை அன்றைய ஓராண்டுச் செலவு என்று புரிந்துகொண்டவர்கள் பலர். கட்சி சாராத நாடாளுமன்ற வரவு செலவு அலுவலகம் பத்தாண்டுக் காலத்துக்குக் கணித்த எண் அது. அந்த அலுவலகம் ஒவ்வொரு பெரிய மசோதாவுக்கும் வெளியிடும் அட்டவணையில் ஆண்டுவாரியான பத்திகள் இருக்கும். 2009 நிதியாண்டில் சுமார் 18,500 கோடி, 2010-இல் சுமார் 39,900 கோடி என்று அந்த அட்டவணை சொன்னது. அதாவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் இரண்டு நிதியாண்டுகளில் போய்ச் சேரும். "பணம் போய்ச் சேருவதற்குள் மந்தநிலையே முடிந்துவிடும்" என்ற வாதத்தையும், "உடனடி நிவாரணம்" என்ற வாதத்தையும் இந்த ஒரு வரிசையைக் கொண்டே எடைபோடலாம். கட்டுமானப் பணிகளைப் பொறுத்தவரை எதிர்ப்பாளர்களே சரி என்று ஆயிற்று. உடனே தொடங்கத் தயாராக உள்ள பணி என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை ஒபாமாவே 2010-இல் ஒப்புக்கொண்டார். ஆனால் மாநிலங்களின் மருத்துவ உதவித் திட்டத்துக்கும் வேலையிழந்தோர் உதவிக்கும் சென்ற பணம் விரைவாகவே சென்றது.

வரிச்சலுகை எவ்வளவு என்பதில் கவனமாக இருங்கள். வரவு செலவு அலுவலகம் அதை 21,200 கோடி டாலர் என்றது. வெள்ளை மாளிகை 28,800 கோடி என்றது. இரண்டும் பொய்யல்ல. வரியே கட்டத் தேவையில்லாத குறைந்த வருமானத்தினருக்கும் காசோலையாகச் செல்லும் சலுகையை முதலாமவர் செலவாகவும் இரண்டாமவர் வரிக்குறைப்பாகவும் எழுதினார்கள் என்பதே வேறுபாட்டின் பெரும்பகுதி. தவிர, அந்த வரிச்சலுகையில் ஏறத்தாழ 7,000 கோடி, மாற்றுக் குறைந்தபட்ச வரியின் (சலுகைகளால் வரியை மிகவும் குறைத்துக்கொள்பவர்களும் ஓரளவாவது கட்டவேண்டும் என்பதற்கான இணை வரி) வரம்பை ஆண்டுதோறும் செய்வதுபோல உயர்த்தியதற்கான தொகை. எப்படியும் செய்திருக்கக்கூடிய ஒன்றை ஊக்க நிதிக் கணக்கில் சேர்த்தால் தொகை பெரிதாகத் தெரியும். புதிய பணம் அதைவிடக் குறைவு.

முன்கணிப்பையும் விளைவையும் ஒப்பிடும் முறை

ஒபாமாவின் பொருளியல் ஆலோசகர்களான கிறிஸ்டினா ரோமரும் ஜாரெட் பெர்ன்ஸ்டீனும் 2009 சனவரியில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரைபடம் இருந்தது. திட்டம் நிறைவேறினால் வேலையின்மை ஏறத்தாழ 8 விழுக்காட்டில் நின்றுவிடும், நிறைவேறாவிட்டால் 9 விழுக்காட்டை எட்டும் என்றது அது. உண்மையில் அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. எதிர்க்கட்சிக்கு அந்த வரைபடம் பல ஆண்டுகளுக்குப் போதுமான ஆயுதமாயிற்று.

இங்கே கேட்கவேண்டிய கேள்வி, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. 2008-இன் கடைசிக் காலாண்டில் பொருளாதாரம் ஆண்டு வீதத்தில் 3.8 விழுக்காடு சுருங்கியது என்று முதல் மதிப்பீடு சொன்னது. பிந்தைய திருத்தங்களில் அது 8 விழுக்காட்டைத் தாண்டியது. அறிக்கை எழுதியவர்கள் நோயின் அளவையே குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். ஆகவே முன்கணிப்புத் தவறியது என்பது உண்மை. அதிலிருந்து திட்டம் பயனற்றது என்று முடிவுகட்டுவது தாவல். அதே கண்டிப்பை ஆதரவாளர்களிடமும் காட்டவேண்டும். 2010-இன் மூன்றாவது காலாண்டில் 14 லட்சம் முதல் 36 லட்சம் பேருக்குக் கூடுதலாக வேலை இருந்தது என்று வரவு செலவு அலுவலகம் மதிப்பிட்டது. எண்ணிப் பார்த்துப் பெற்ற கணக்கன்று அது. ஒரு டாலர் செலவு எத்தனை டாலர் உற்பத்தியை உண்டாக்கும் என்ற அனுமானத்தைச் சூத்திரத்தில் இட்டுப் பெற்றது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையிலான தொலைவே அந்த அனுமானத்தின் உறுதியின்மையைக் காட்டுகிறது. நேரடியாக எண்ணப்பட்டதாகச் சொல்லப்பட்ட கணக்குகளோ இன்னும் மோசம்: நிதி பெற்றவர்கள் தாமே நிரப்பிய படிவங்களை அரசு தன் தளத்தில் ஏற்றியபோது, இல்லாத தேர்தல் தொகுதிகளில்கூட வேலைகள் உருவானதாக 2009 நவம்பரில் பதிவாகியிருந்தது.

கட்சிகளை இடம் மாற்றிப் பாருங்கள்

அவசரத்தைப் பற்றிய புகாரை ஒருவர் உண்மையான அக்கறையோடு எழுப்புகிறாரா என்று அறிய, அவருடைய கட்சி ஆட்சியில் இருந்த காலத்தின் பெரிய மசோதா ஒன்றை எடுத்து, அப்போது அவர் என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்று தேடுங்கள்.

2008 செப்டம்பரில் புஷ் அரசின் நிதித்துறை, தள்ளாடிய நிதி நிறுவனங்களை மீட்க 70,000 கோடி டாலர் கேட்டு மூன்றே பக்கங்களில் வரைவு அனுப்பியது. செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபை அதன் விரிவாக்கிய வடிவத்தை 228-க்கு 205 எனத் தோற்கடித்தது; அன்று பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகள் சரிந்தது. நான்கே நாட்களில், சிறுவர் பயிற்சிக்கான மர அம்புகளுக்கு வரிவிலக்கு போன்ற தொடர்பற்ற சலுகைகளும் ஒட்டிக்கொண்டு, அதே திட்டம் நானூறு பக்கங்களைத் தாண்டி நிறைவேறியது. 2017 டிசம்பர் 2 பின்னிரவில் குடியரசுக் கட்சியினர் வரிச் சட்டத்தை 51-க்கு 49 எனச் செனட்டில் நிறைவேற்றியபோது, பக்க ஓரங்களில் கையால் எழுதிய திருத்தங்களைக் காட்டி அவசரத்தைக் கண்டித்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். அவர்கள் கண்டித்ததில் நியாயம் இருந்தது. கடைகளும் உணவகங்களும் உள்கட்டட மேம்பாட்டுக்குச் செய்யும் செலவை, 15 ஆண்டுகளில் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும் பிரிவில் வைக்க நினைத்தவர்கள் அதற்கான வரியை எழுத மறந்ததால், அது 39 ஆண்டுப் பிரிவிலேயே நின்றுவிட்டது. உடனடிக் கழிவும் கிடைக்கவில்லை. பிழை எல்லாருக்கும் தெரிந்திருந்தும் அதைத் திருத்த 2020 மார்ச் மாதத்துக் கொரோனா நிவாரணச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த நிவாரணச் சட்டமே 2.2 லட்சம் கோடி டாலர். செனட்டில் 96-க்கு 0. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று 5,593 பக்க மசோதா வெளியான சில மணி நேரத்தில் இரு சபைகளிலும் இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியபோது, புகார் சொன்னவர்கள் இரு கட்சிகளின் ஓரங்களில் இருந்த சிலரே. மறுபடியும் 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் மசோதா வந்ததும் குடியரசுக் கட்சியின் ரான் ஜான்சன், முழு மசோதாவையும் அவையில் உரக்கப் படிக்க வைத்தார். எழுத்தர்கள் மாறி மாறிப் படித்து முடிக்கப் பதினொரு மணி நேரத்தை ஒட்டி ஆயிற்று. கேட்க அவையில் ஏறத்தாழ யாருமில்லை.

வாக்குப் பதிவும் விதி விலக்கும்

2009 சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினரும் ஆதரவளிக்கவில்லை. செனட்டில் ஸ்னோ, சூசன் காலின்ஸ், ஆர்லன் ஸ்பெக்டர் மூவர் மட்டும் அளித்தனர். எதிர்த்து வாக்களித்தவர்களில் சிலர் பின்னர் தங்கள் பகுதிக்கு அந்த நிதியைக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பால் ரயன் எழுதிய கடிதங்கள், அவர் துணை அதிபர் வேட்பாளராக நின்ற 2012 தேர்தலின்போது பெரிதாகப் பேசப்பட்டன. சட்டம் ஆனபின் தொகுதியின் பங்கைக் கேட்பதைத் தவறென்று நான் கருதவில்லை. அந்தப் பணம் வேலைகளை உருவாக்கும் என்று கடிதத்தில் எழுதிவிட்டு, ஒரு வேலையையும் உருவாக்கவில்லை என்று மேடையில் பேசினால்தான் இரண்டையும் அருகருகே வைக்கவேண்டும்.

புதிய மசோதா ஒன்று வரும்போது கடைசியாகச் செய்யவேண்டியது இது. இறுதி வாசகத்தை மூன்று நாட்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்ற விதி பிரதிநிதிகள் சபையில் 2009-இலும் இருந்தது. 2019 முதல் மசோதாக்களுக்கு அது முழு 72 மணி நேரம் என்று கணக்கிடப்படுகிறது. ஆனால் விவாதத்துக்கு முன் விதிகள் குழு கொண்டுவரும் தீர்மானம் அந்த விதியையே விலக்கிவைக்க முடியும். 2009 பிப்ரவரியில் நடந்ததும் அதுதான். ஆகவே மசோதாவின் மீதான வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்குச் சில மணி நேரம் முன்பு நடக்கும் அந்தத் தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பையும் எடுத்துப் பாருங்கள். விலக்குக்கு ஆதரவாக வாக்களித்தவர்களின் பெயர்ப்பட்டியல் அங்கே முழுமையாக இருக்கும்.